கத்தரினா பிட்டுக் கொடுத்த பாதி

9 பெப்ரவரி 2025, ஞாயிறு

என் மனைவி கத்தரினாவுக்கு இனி நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பதில்லை என்று தீர்மானித்துவிட்டார்கள். தீர்மானித்தவன் பஸ்தியான். தலையாட்டியவர் பங்குச் சுவாமி. அவள் செய்த குற்றம், அவளுக்கு விளங்கவில்லை என்பது.

இதை முதலில் எழுதிவைக்கிறேன். பிறகு யாராவது வந்து, அப்படி ஒன்றும் நடக்கவில்லை, எஸ்தாக்கிக் கிழவன் கிளப்பிவிட்ட கதை என்று சொல்வார்கள்.

நடந்தது இதுதான். கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளுக்கு மாதத்தின் முதல் வெள்ளியில் பஸ்தியான் வீடு வீடாக நன்மை கொண்டுவருவான். சுவாமிக்கு நான்கு கோயில். அதனால் இவனுக்கு ஒரு பயிற்சி கொடுத்து, ஒரு வெள்ளை அங்கியும் கொடுத்திருக்கிறார்கள். மற்ற நாட்களில் படகுகளுக்கு ஐஸ் விற்கிறான். அங்கி கிடைத்த நாளிலிருந்து அவன் கழுத்து கொஞ்சம் நீண்டிருக்கிறது.

நேற்று முன்தினம் வந்தான். கத்தரினா கதிரையில் இருந்தாள். பக்கத்து வீட்டு அஸீஸா அவளைக் குளிப்பாட்டி, கஞ்சி கொடுத்து, வெள்ளை முக்காடு போட்டுவிட்டு அருகில் நின்றாள். பஸ்தியான் “கிறிஸ்துவின் உடல்” என்று சொல்லி அப்பத்தைக் கத்தரினாவின் கையில் வைத்தான். அவள் அதைப் பார்த்தாள். இரண்டாகப் பிட்டாள். ஒரு பாதியைத் தன் வாயில் போட்டாள். மற்றப் பாதியை அஸீஸாவின் கையில் வைத்து, “இந்தா, பிள்ளையளுக்கும் குடு” என்றாள்.

பஸ்தியான் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த காகம் எழும்பிப் போய்விட்டது.

அஸீஸா கையை மூடவில்லை. விரித்த கையோடு அப்படியே நின்றாள். “நான் தின்னல்ல பஸ்தியான் நானா. கீழயும் போடல்ல. உங்கட ஆக்களுக்குப் பெரிய விஷயம் எண்டு தெரியும்தானே. வந்து எடுங்க.”

எடுத்தான். அப்படி எடுத்தால் அவனே அதை உட்கொள்ள வேண்டுமாம், உட்கொண்டான். ஆக, அன்று கத்தரினாவும் பஸ்தியானும் ஒரே அப்பத்தை ஆளுக்குப் பாதியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். பூசையில் சுவாமி பிட்டுக் காட்டுவதும் அதைத்தான். இதை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

“அண்ணன், அக்காவுக்கு என்ன வாங்குறன் எண்டே விளங்கேல்ல. இப்பிடியான ஆளுக்குக் குடுத்தா எனக்குத்தான் பாவம்.”

இன்று பூசை முடிந்ததும் சுவாமியும் அதையே சொன்னார், “இப்போதைக்கு” என்று ஒரு சொல்லைச் சேர்த்து. எங்கள் கோயிலில் இப்போதைக்கு என்று போட்ட தகரக் கூரைக்குக் கீழேதான் என் மகனுக்கு ஞானஸ்நானம் நடந்தது. மகனுக்கு இப்போது தலை நரைக்கிறது. கூரை அப்படியே இருக்கிறது.

11 பெப்ரவரி, செவ்வாய்

விளங்கவில்லையாம். இரண்டு நாளாக இந்த ஒரு சொல்லையே மென்றுகொண்டிருக்கிறேன்.

அவளுக்கு என்ன விளங்கியது என்று நான் சொல்கிறேன். இன்று செவ்வாய். செவ்வாயில் அந்தோனியார் கோயிலில் மந்திரித்த பாண் கொடுப்பார்கள். அது நற்கருணை இல்லை, பேக்கரியில் சுட்ட வெறும் பாண், யாரும் சாப்பிடலாம். கத்தரினா அதை வாங்கிவந்து பிட்டுப் பிட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பாள். தொண்ணூறாம் ஆண்டு அஸீஸாவின் குடும்பம் மன்னாரிலிருந்து மற்ற முஸ்லிம்களோடு துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு வந்து இங்கே இறங்கியபோது, அஸீஸா ஆறாம் வகுப்புப் பிள்ளை. வந்த கிழமையே கத்தரினா அந்தப் பாணில் பாதியை அவர்கள் கூடாரத்துக்குக் கொண்டுபோனாள். அதற்குப் பிறகு எந்தச் செவ்வாயும் தப்பவில்லை. நோன்பு மாதத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கஞ்சி வரும். அந்தோனியார் இதுவரை யாருடைய சமயத்தையும் விசாரித்ததாக எனக்குத் தகவல் இல்லை.

ஆகவே அவள் விட்ட பிழை, வெள்ளியைச் செவ்வாய் என்று நினைத்தது. இதற்குத்தான் இந்தத் தண்டனை. ஐஸ் லொறி பிந்தினால் பஸ்தியானுக்கும்தான் கிழமை தெரிவதில்லை. அவனுக்கு யாரும் சோற்றை நிறுத்தவில்லை.

மூன்று வருடமாக மறதி அவளைத் தின்றுகொண்டு வருகிறது. மகனின் பெயர் போய்விட்டது. பிறகு நானும் போய்விட்டேன். ஒரு வருடமாக நான் அவளுக்குக் கணவன் இல்லை, படகு இஞ்சின் திருத்த வந்த ஆள். என் தொழில் அதுதான், ஊரில் எல்லோரும் என்னைப் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவளும் அப்படித்தான் கூப்பிடுகிறாள். “பாஸ், வேல முடிஞ்சுதா? வீட்டில தேடப்போறாங்க.”

அஸீஸா இன்று கண் கலங்கி நின்றாள். “அண்ணன், இனி வெள்ளிக்கெழமையில நான் வரல்ல. என்னாலதானே இவ்வளவும்.”

“நீ வராட்டி அவளைக் குளிப்பாட்டுறது ஆரு? சுவாமியா?”

“அவருக்கு எப்படி ஏலும்? நாலு கோயில் ஈக்கிதே” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. சிரித்தோம். கத்தரினாவும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல். அது விளங்காத சிரிப்பு, ஆகையால் செல்லாது என்று பஸ்தியான் சொல்லக்கூடும்.

16 பெப்ரவரி, ஞாயிறு

அவளுக்கு இல்லையென்றால் எனக்கும் வேண்டாம். கோயிலில் முன்வரிசை வாங்கில் இருந்தேன். நன்மை நேரம் வந்தது. கையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தேன். மற்றவர்கள் என் முழங்காலைக் கடந்து போவதற்குள் பாட்டுக்காரப் பெண்களுக்கு ஒரு பாட்டே முடிந்துவிட்டது.

நன்மை வாங்காமல் இருப்பவன் பாவம் செய்தவன் என்பது கணக்கு. மாலைக்குள் ஊர் எனக்கு மூன்று சாவான பாவங்களைக் கண்டுபிடித்திருந்தது. அதில் ஒன்றை இந்த வயதில் நான் செய்திருக்க முடியும் என்று நம்பிய நல்ல உள்ளங்களுக்கு நன்றி.

இத்தாலியிலிருந்து மகன் அழைத்தான். யாரோ அவனுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். “அப்பா, உங்களுக்குச் சண்ட பிடிக்க ஆள் கிடைக்காட்டி ஆண்டவரோடயும் பிடிப்பீங்க.”

ஆண்டவரோடு எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. அவருடைய ஐஸ்காரனோடுதான்.

23 பெப்ரவரி, ஞாயிறு

சுவாமியின் அறை வீட்டுக்குப் போனேன். சிலாபம் பக்கத்து ஆள், சிங்களத்தில் படித்தவர், தமிழை முட்டை பொறுக்குவதுபோலப் பார்த்துப் பார்த்து எடுப்பார். நல்ல மனிதர்தான். அதுதான் சிரமம், கோபத்தைப் பிடித்துவைத்திருக்க நான் பாடுபட வேண்டியிருந்தது.

“எஸ்தாக்கி ஐயா, முதல் நன்மைக்கு முன்ன பிள்ளையளுக்கு ஏன் படிப்பிக்கிறம்? என்ன வாங்குறம் எண்டு தெரிய வேணும்தானே.”

“அவ படிச்சவதான் சுவாமி. என்னைவிட நல்லாப் படிச்சவ. இப்ப மறந்திட்டா. மறந்தா ஞானஸ்நானமும் போயிடுமா?”

“அப்பிடி இல்ல.”

“கலியாணம்?”

“ஐயோ, அதுவும் இல்ல.”

“அப்ப அவ மறந்ததால நன்மை மட்டுந்தான் இல்லாமப் போச்சா?”

சுவாமி தேத்தண்ணியைக் குடித்தார். கோப்பை காலியான பிறகும் குடித்தார்.

பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு என்னை விட்டுவிட்டது. பிறகு நானாகத்தான் படித்தேன், இஞ்சினையும் வேதத்தையும். இரண்டிலும் கழற்றிப் பார்க்காமல் நான் எதையும் நம்பியதில்லை. கப்பர்நாகூமில் ஆண்டவர் தம்மை உண்கிறவனுக்கு வாழ்வு உண்டு என்றார். விளங்கிக்கொள்கிறவனுக்கு என்று சொல்லவில்லை. உண்மையில் அன்று அங்கே ஒருவருக்கும் விளங்கவில்லை. இதை யார் கேட்டுக்கொண்டிருப்பது என்று முணுமுணுத்துக்கொண்டு பலபேர் எழும்பிப் போனார்கள். விளங்கியவர்களுக்கு மட்டும் கொடுப்பது என்றிருந்தால் கடைசி இராப்போசனத்தில் பன்னிரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டு அவர் தனியாகத்தான் சாப்பிட்டிருக்க வேண்டும்.

இதையெல்லாம் சொன்னேன். சுவாமி மரியாதை என்றார். அப்பம் கீழே விழுந்தால் என்றார். கடைசியில் நான் கேட்டேன்: “கடலுக்குப் போறவனுக்குச் சோறு கட்டிக் குடுக்கேக்க, இந்த அரிசி எப்பிடி விளைஞ்சது எண்டு கேள்வி கேட்டிட்டா குடுக்கிறாங்க? அவவுக்குப் போற நேரம் கிட்டுது சுவாமி. நான் கேக்கிறது கட்டுச்சோறு.”

“யோசிக்கிறன்” என்றார். திருச்சபை ஒன்றை யோசிக்கத் தொடங்கினால் சில நூறு வருடம் ஆகும். கத்தரினாவிடம் அவ்வளவு இல்லை.

7 மார்ச், முதல் வெள்ளி

இதையும் எழுதிவைக்கிறேன்.

அஸீஸா நோன்போடு வந்து கத்தரினாவைக் குளிப்பாட்டினாள். நான் சொல்லவில்லை, அவளாகவே முக்காட்டையும் போட்டுவிட்டாள். வழக்கம்தானே. பஸ்தியானின் மோட்டார் சைக்கிள் வந்தது. நன்மை கொண்டுபோகும்போது தெருவில் ஒரு சின்ன மணி அடிப்பார்கள், ஆட்கள் எழும்பி நிற்பதற்காக. அந்த மணி கேட்டது. கத்தரினா நிமிர்ந்து இருந்தாள். கையைக் கூப்பினாள். வாயைத் திறந்தாள். சின்னப் பிள்ளையில் படித்த பழைய முறை, கையில் வாங்குவதற்கு முந்திய காலத்து முறை.

மணி எங்கட வாசல் படலையைத் தாண்டிப் போயிட்டுது. அவள் வாயை மூடேல்ல. சைக்கிள் சத்தம் போயிட்டுது, மணிச் சத்தம் போயிட்டுது, அவள் திறந்த வாயோட இருக்கிறாள். எவ்வளவு நேரம்? நான் என்ன செய்யிறது? ஒரு துண்டு பாணைக் கொண்டுவந்து வைக்கிறதா? அவளை ஏமாத்துறதா? ஆண்டவரே, இதுக்கு மேல என்ன விளங்க வேணும் — என்ன விளங்க வேணும் உங்கட ஆக்களுக்கு?

கடைசியில் அஸீஸா அவள் நாடியைத் தடவித் தடவி வாயை மூடவைத்தாள்.

10 மார்ச், திங்கள்

அஸீஸா ஐஸ் வாடிக்குப் போய்ப் பஸ்தியானைப் பிடித்திருக்கிறாள். நான் அனுப்பவில்லை. அவள் சொன்னபடி எழுதுகிறேன்.

“பஸ்தியான் நானா, நோம்போட சண்ட பிடிக்கக் கூடா, அதால மெதுவாச் சொல்றன். நீங்க குடுக்காட்டிக் குடுக்காதீங்க, அது உங்கட மார்க்கம், நான் கதைக்க ஏலா. ஆனா குடுக்காத வீட்டுக்கு முன்னால மணி அடிக்காதீங்க. அவங்க வாயத் தொறந்துட்டு ஈக்கிறாங்க.”

அவன் என்ன சொன்னான் என்று கேட்டேன். ஐஸ் கட்டியை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு நின்றானாம்.

நல்லது. கை மரத்திருக்கும்.

25 மார்ச், செவ்வாய்

கத்தரினாவைப் புத்தளம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்தேன். தொண்டை விழுங்க மறக்கிறது என்று டொக்டர் சொன்னார். கஞ்சிகூடக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அடுத்தது என்ன என்று கேட்டேன். மேசையில் இருந்த பேனையை நேராக வைத்தார்.

4 ஏப்ரல், முதல் வெள்ளி

இன்று மணியைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போனான். வேலியால் பார்த்தேன். வைத்தியம் நன்றாகத்தான் இருக்கிறது: நோயாளியைக் குணமாக்க முடியாவிட்டால் சத்தத்தை நிறுத்து.

15 ஏப்ரல், செவ்வாய்

பெரிய வியாழனுக்குக் கால் கழுவ ஆள் சேர்க்கப் பஸ்தியான் வந்தான். பன்னிரண்டு அப்போஸ்தலரில் ஒருவனாக வருடா வருடம் நான் கால் நீட்டுவது வழக்கம். உள்ளே வரவில்லை, படலையில் நின்றான்.

“காலைக் கழுவிட்டுச் சோறு இல்லையெண்டு அனுப்புற பந்திக்கு நான் வரல்ல” என்றேன்.

போய்விடுவான் என்று நினைத்தேன். நின்றான்.

“அண்ணன், அக்கா இப்பவும் மணிக்கு வாயத் திறக்கிறாவா?”

“அடிச்சாத்தானே தெரியும்.”

தலையைக் குனிந்துகொண்டு போனான். அங்கி இல்லாதபோது கழுத்து சாதாரண நீளம்தான்.

2 மே, முதல் வெள்ளி

மணி கேட்டது. பொத்தாத மணி. படலையில் வந்து நின்றது.

சுவாமி வந்திருந்தார். பின்னால் பஸ்தியான், மணியோடு. சித்திரை முழுக்கப் பஸ்தியான் தன்னை விடவில்லை என்று சுவாமி சொன்னார். எந்தக் கோயிலில் பூசை வைத்தாலும் பின்னாலேயே வந்து, மணிக்கு வாய் திறக்கிற ஆளுக்கு விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டானாம். என் கேள்வியைத்தான் அவன் கேட்டிருக்கிறான், என் பெயரைச் சொல்லாமல். கிடக்கட்டும்.

கத்தரினா வாயைத் திறந்திருந்தாள். விழுங்கக் கஷ்டம் என்பதால் சுவாமி அப்பத்தில் நகத்தளவு துண்டைத்தான் எடுத்தார். “கிறிஸ்துவின் உடல்” என்றதும் அவள் வாயை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். சுவாமி தயங்கினார். பிறகு கையிலேயே வைத்தார்.

நகத்தளவு துண்டு. அதையும் பிட்டாள்.

ஒரு பொடியைத் தன் நாக்கில் வைத்தாள். மற்றப் பொடியை விரல் நுனியில் வைத்துக்கொண்டு ஆள் தேடினாள். அஸீஸா குசினிக் கதவடியில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், களவுக்குப் பிடிபட்டவள் மாதிரி. கத்தரினாவின் கண் சுற்றிவந்து என்னில் நின்றது.

“இந்தாங்க பாஸ். நீங்க இன்னும் சாப்பிடேல்லத்தானே.”

பெப்ரவரி மாதத்திலிருந்து நான் சாப்பிடவில்லை. அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பார்க்கிற எல்லோரிடமும் அவள் கேட்கிற கேள்வி அது. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. பசித்த ஆள் என்பது மட்டும் தெரிந்தது.

இப்படியான இடத்தில் பிடிவாதம் பிடிக்க என்னால்கூட முடியவில்லை. குனிந்தேன். அவள் விரலிலிருந்து நாக்கால் எடுத்தேன்.

“சுவாமி, இது சட்டப்படி...” என்றான் பஸ்தியான்.

“பஸ்தியான், தண்ணி கொண்டு வா” என்றார் சுவாமி.

அஸீஸா கையை முன்னால் எடுத்தாள்.

4 மே, ஞாயிறு

நான் தோற்றுவிட்டேன் என்று ஊர் பேசுகிறது. இல்லை. நான் வாங்கியது கத்தரினாவின் கையிலிருந்து. கோயில் வரிசை வேறு விஷயம். இன்றும் வாங்கில்தான் இருந்தேன்.

எங்கள் ஆட்களுக்கு நித்திய வாழ்வு என்றால் இத்தாலி விசா மாதிரி: இங்கே கஷ்டப்பட்டுக் காத்திருந்தால் ஒருநாள் அங்கே ஏற்றுவார்கள். நானும் பாதி அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கத்தரினாவைப் பார். பெயர் போனது, பிள்ளை போனான், புருஷன் போனான், கிழமை போனது. ஒன்றை இரண்டாகப் பிட்டுப் பக்கத்து ஆளுக்கு நீட்டுகிற கை மட்டும் போகவில்லை. எழுபது வருடம் அவள் தின்ற நன்மை எங்கே போனது என்று கேட்டால், அங்கேதான் போயிருக்கிறது. அந்தக் கையைச் சாவு என்ன செய்யும்? அதற்குப் பிறகும் அது யாருக்காவது எதையாவது நீட்டிக்கொண்டுதான் இருக்கும். நித்தியம் பிறகு தொடங்குவதில்லை போலிருக்கிறது. தொடங்கி நெடுநாளாகிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை.

ஒரேயொரு கேள்விதான் மிச்சம். அதைச் சுவாமியிடம் கேட்டேன். கடைசி நாளில் எழுப்பும்போது அவளுக்கு என்னைத் தெரியுமா?

எனக்குப் பக்கத்தில் வாங்கில் வந்து இருந்தார். “தெரியாது எண்டு சொல்ல என்ட படிப்புப் போதாது ஐயா.”

அவர் வந்து இரண்டு வருடத்தில் சொன்ன முதல் நல்ல பிரசங்கம்.

22 மே, வியாழன்

விடியற்காலை. அஸீஸா ஓடிப்போய்ப் பஸ்தியானைக் கூட்டிவந்தாள். அங்கி போட நேரமில்லை, சாரத்தோடு வந்தான். ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியால் கொடுத்தான். ஒரு துளியும் சிந்தவில்லை. கத்தரினா விழுங்கினாள்.

கட்டுச்சோறு கிடைத்துவிட்டது. படகு போய்விட்டது.

20 ஜூன், வெள்ளி

நாளை முப்பத்தோராம் நாள் பூசை. ஆளுக்கொன்றாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதிவைக்கிறேன்.

சுவாமி பூசையை ஆறரைக்குத் தொடங்க வேண்டும், ஏழுக்கு அல்ல. பிரசங்கத்தில் கத்தரினாவைப் புனிதையாக்கக் கூடாது. அவளுக்குப் பிடிக்காது, நாற்பத்தெட்டு வருடம் என்னோடு இருந்ததைச் சொன்னால் போதும், மற்றதை ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்.

மகன் தொலைபேசியில் பூசை பார்க்கலாம். அழுவதானால் சத்தத்தை நிறுத்திவிட்டு அழ வேண்டும்.

அஸீஸா பாண் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைதான், பரவாயில்லை, செவ்வாய் என்று நினைத்துக்கொள்ளலாம், அது இந்த வீட்டில் நடக்காததல்ல. கத்தியால் வெட்டக் கூடாது, கையாலே பிட்டுக் கொடுக்க வேண்டும். “அக்காட அளவு எனக்கு வராது அண்ணன்” என்றாள். வரும். தன் பிள்ளைகளுக்கு முதலில் எடுத்துவைக்க வேண்டும், அன்று கத்தரினாவும் அதைத்தான் கேட்டாள்.

பஸ்தியான் அடுத்த முதல் வெள்ளியில் எங்கள் படலைக்கு முன்னால் மணி அடிக்க வேண்டும். உள்ளே நோயாளி இல்லாவிட்டாலும் அடிக்க வேண்டும், பொத்தக் கூடாது. நாளைக்குப் பூசையில் நன்மை கொடுக்கச் சுவாமி நடுவில் நிற்பார், அவன் அந்தோனியார் சுரூபத்துப் பக்கம் நிற்க வேண்டும். அங்கியைத் தோய்த்துப் போட வேண்டும்.

நான் அவனுடைய வரிசையில் நிற்க வேண்டும். சுவாமியின் வரிசையில் அல்ல.

வாயைத் திறக்க வேண்டும்.